1873 ரக லீவர் ரைஃபிளின் ட்ரிகர் சேஃப்டி: பழுதும் சரிசெய்யும் முறையும்

வின்செஸ்டர் 1873 ரைஃபிளைப் பார்த்து இத்தாலியின் ஊபெர்ட்டி நிறுவனம் செய்யும் நகல்களை மனதில் வைத்து எழுதிய பக்கம் இது. ட்ரிகரைச் சுற்றி இருக்கும் வளையக் கைப்பிடிதான் லீவர்; அதைத் திறந்து மூடினால் அடுத்த தோட்டா ஏறும். லீவர் முழுக்க மூடும்வரை ட்ரிகரைத் தடுத்து வைப்பதுதான் ட்ரிகர் சேஃப்டி. இதைப் பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டே வகை: "லீவரை மூடியும் ட்ரிகர் அசையவில்லை", "லீவர் திறந்திருக்கும்போதே ட்ரிகர் இழுபடுகிறது". முதலாவது தொல்லை. இரண்டாவது ஆபத்து, அது இருக்கும் துப்பாக்கியில் சரிசெய்யும்வரை தோட்டா ஏற்றவே கூடாது.

நகல் என்றால் பொம்மையா? உரிமம் தேவையில்லையா?

பொம்மை அல்ல. பழைய வடிவத்தின் நகல், அவ்வளவுதான். .44-40, .45 கோல்ட், .357 மேக்னம் போன்ற உண்மையான தோட்டாவைச் சுடும் முழுத் துப்பாக்கி இது. அமெரிக்காவில் 1898க்குள் செய்யப்பட்ட அசல் வின்செஸ்டர் பழம்பொருள் கணக்கில் வரும். கடையில் கிடைக்கும் தோட்டாவைச் சுடும் இன்றைய நகலுக்கு அந்த விலக்கு கிடையாது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு துப்பாக்கி விற்பதை மட்டுமல்ல, பழுது பார்ப்பதையும் சோதிப்பதையும் உரிமத்துக்குள் வைக்கிறது. அங்கே வேலை உரிமம் பெற்றவரின் பட்டறையில்தான் நடக்க வேண்டும். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் உள்ளூர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.

ட்ரிகர் சேஃப்டி எங்கே இருக்கிறது? எப்படி வேலை செய்கிறது?

லீவரைத் திறந்து துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடியுங்கள். ட்ரிகருக்குப் பின்னால், தோளில் வைக்கும் மரக்கட்டையின் கழுத்தோடு ஒட்டி ஓடும் இரும்புப் பட்டையில் ஒரு சின்ன மொட்டு துருத்திக்கொண்டிருக்கும். அந்தப் பட்டைக்குக் கீழ் டாங் என்று பெயர். மொட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும்.

மொட்டு தனி உறுப்பு அல்ல. டாங்குக்குள் ஒரு பின்னில் அசையும் சேஃப்டித் துண்டின் வெளிமுனை. அதே துண்டின் மறுமுனையை இந்தப் பக்கத்தில் மூக்கு என்று சொல்வோம். லீவர் திறந்திருக்கும்போது ஒரு பட்டை ஸ்பிரிங் மொட்டை வெளியே தள்ளி வைக்கும், மூக்கு ட்ரிகரின் பாதையில் நிற்கும், ட்ரிகர் இழுபடாது. லீவர் முழுக்க மூடியதும் அதன் உட்பக்கம் மொட்டை அழுத்தும், மூக்கு விலகும், ட்ரிகருக்கு வழி கிடைக்கும்.

ஆக, இந்தச் சேஃப்டிக்கு நாம் கைவைத்துப் போட்டு எடுக்கும் குமிழ் எதுவும் கிடையாது. லீவர்தான் அதன் சாவி.

இது இல்லாமல் போனால் என்ன ஆகும்? ஊபெர்ட்டியின் 1866, 1860 நகல்களில் இது இல்லையே?

உண்மை, அவற்றில் இல்லை. அந்தத் துப்பாக்கிகளில் இந்தக் காவலைச் சுடுபவரின் கைப்பழக்கம்தான் செய்கிறது. அதற்காக, இருக்கும் 1873இல் கழற்றிப் போடலாம் என்று ஆகாது.

காரணம் பூட்டும் முறையில் இருக்கிறது. பிற்காலத்து 1892, 1894 ரைஃபிள்களில் போல்ட்டை, அதாவது குழல் அறையின் பின்வாயை அடைக்கும் இரும்பை, தடித்த இரும்புக் கட்டைகள் பின்னாலிருந்து தாங்கும். 1873இல் அப்படி ஒன்றும் இல்லை. பக்கத்துக்கு ஒரு ஜோடி லிங்க், அதாவது பின்னில் மடங்கும் இணைப்புத் துண்டுகள்; லீவர் மூடும்போது அவை முழங்காலை நீட்டியதுபோல ஒரே நேர்கோட்டுக்கு வரும். அந்த நேர்கோடுதான் பூட்டு. நேராக நின்றால் ஆளின் எடையைத் தாங்கும் கால், முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்போது தள்ளினால் மடங்கிவிடும் அல்லவா, அதே கதைதான். லிங்க் நேராகாத நிலையில் ஹேமர் (ட்ரிகரை இழுத்ததும் அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) விழுந்து தோட்டா வெடித்தால், போல்ட் பின்னோக்கி வரும். தாங்கல் இல்லாத பித்தளை உறை பின்பக்கம் பிளக்கும். வாயு மேல்பக்கமும் பக்கத் தட்டுகள் வழியாகவும் முகத்தை நோக்கிப் பாயும்.

வேகப் போட்டிகளில் இது கற்பனைக் கதை இல்லை. ஒரு நொடிக்குள் லீவரை அடித்துத் திறந்து மூடும் கையில், விரல் ட்ரிகருக்கு முன்கூட்டியே வந்துவிடும். அந்த நேரத்தில் விரலுக்கும் வெடிப்புக்கும் நடுவே நிற்பது அந்தச் சின்ன மூக்கு மட்டும்தான்.

பழுது சேஃப்டியில்தானா என்று கழற்றாமலே எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தோட்டாவை அகற்றுங்கள். 1873இல் மூன்று இடத்தில் தோட்டா ஒளிந்திருக்கும்: குழல் அறை, தோட்டாவை அறைக்கு உயர்த்தும் பித்தளைக் கேரியர், குழலுக்குக் கீழே உள்ள மேகசின் குழாய். தோட்டா வருவது நின்றபிறகும் லீவரை ஐந்தாறு முறை முழுக்க இயக்கி, வெளியே எதுவும் வராததைப் பார்த்து, அறைக்குள் விரல் விட்டுத் தடவியும் பாருங்கள். வேலை நடக்கும் மேசையில் உண்மையான தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. சோதனைக்கு வெடிமருந்தில்லாப் போலித் தோட்டா வையுங்கள். வெறும் அறையில் ஹேமரைத் திரும்பத் திரும்ப விழவிட வேண்டாம்.

இனிச் சோதனை. ஹேமரை முழுக் காக் நிலையில், அதாவது சுடத் தயாராக முழுக்கப் பின்னால் இழுத்து வைத்து, லீவரை இரண்டு விரல் அகலம் திறந்து, ட்ரிகரை மெதுவாக இழுங்கள். சேஃப்டி சரியாக இருந்தால் கல்லில் மோதியதுபோல நிற்கும். துளி அசைவு பரவாயில்லை. ஹேமர் விழவே கூடாது. விழுந்தால் சேஃப்டி வேலை செய்யவில்லை.

அடுத்தது எதிர்ப்பக்கம். லீவர் திறந்தபடியே, ஒரு மரக் குச்சியால் மொட்டை முழுக்க உள்ளே அழுத்திப் பிடித்து ட்ரிகரை இழுங்கள். ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்குங்கள். இப்போது ட்ரிகர் இழுபட்டால், துண்டு நன்றாகத்தான் இருக்கிறது. லீவர் அதைப் போதுமான ஆழம் அழுத்தவில்லை. மொட்டை முழுக்க அழுத்தியும் ட்ரிகர் நகரவில்லை என்றால் கோளாறு டாங்குக்குள்: பிசிறு, அழுக்கு, இடம் மாறிய ஸ்பிரிங் அல்லது ட்ரிகரே.

இந்தக் குச்சிச் சோதனையைச் செய்யாமல் அரத்தை எடுப்பவர்கள்தான் நல்ல துண்டுகளைக் கெடுக்கிறார்கள்.

லீவரை மூடினாலும் சில நேரம் ட்ரிகர் பூட்டியே இருக்கிறது. அழுத்திப் பிடித்தால்தான் விடுகிறது. ஏன்?

அதிகம் வரும் புகார் இது. பெரும்பாலும் சேஃப்டி குற்றவாளி அல்ல. அது தன் வேலையைச் செய்கிறது. லீவர் முழுக்க மூடவில்லை என்று உங்களுக்குச் சொல்கிறது. காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்.

தோல் வார். போட்டியாளர்கள் விரல் காயப்படாமல் இருக்க லீவரின் வளையத்தில் தோல் வார் சுற்றுவார்கள். சுற்று ஒன்று கூடுதலாகப் போய், லீவர் டாங்கைத் தொடும் இடத்தையும் மூடிவிட்டால் தோலின் கனம் அளவுக்கு லீவர் தூக்கி நிற்கும். வாரை அவிழ்த்துவிட்டுச் சோதியுங்கள். பழுது மறைந்தால், மொட்டை அழுத்தும் இடத்தையும் டாங்கில் படியும் இடத்தையும் வெறுமையாக விட்டு மீண்டும் சுற்றுங்கள். வியர்வையில் ஊறி உப்பிய பழைய தோலும் இதே வேலையைச் செய்யும்.

அழுக்கு. லீவரின் உட்பக்கத்துக்கும் டாங்குக்கும் நடுவே காய்ந்த எண்ணெய்ப் பிசின், மணல், மெழுகு. துடைத்தாலே போதும்.

தளர்ந்த லீவர் ஸ்பிரிங். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாடியின் (இயங்கும் பாகங்களை உள்ளே வைத்திருக்கும் இரும்பு உடலின்) உள்ளே இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங்குகள் உண்டு. ஒன்று லீவரை அதன் இடத்தில் பிடித்து வைக்கும், மற்றது கேரியரை இயக்கும் கைக்கு. இயக்கம் லேசாக வேண்டும் என்று இவற்றைத் தேய்த்து மெலிதாக்குவது பரவலான பழக்கம். ஆனால் சேஃப்டி ஸ்பிரிங் மொட்டு வழியாக லீவரைத் திறக்கும் திசையில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. லீவர் ஸ்பிரிங் அதை மூடிய நிலையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் எதிரெதிர் கட்சிகள். ஒன்றை மட்டும் பலவீனப்படுத்தினால் மற்றது ஜெயிக்கும்: கை விட்டதும் லீவர் ஒரு நூல் இறங்கும், ட்ரிகர் பூட்டும். துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, லீவரை மூடிக் கையை எடுத்துப் பாருங்கள். தானாக இறங்கினால் பதில் கிடைத்துவிட்டது. லீவர் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், சேஃப்டியைத் தொடாதீர்கள்.

இயக்கத் தூரத்தைக் குறைக்கும் மாற்று லிங்க் தொகுப்பு. இதைச் சரியாகப் பொருத்தாவிட்டால், லீவர் டாங்கில் படியும் முன்பே வேறு எங்கோ முட்டி நிற்கும். பக்கத் தட்டைக் கழற்றி, எது எதில் முட்டுகிறது என்று பார்க்காமல் தீர்க்க முடியாது. இது பொருத்தியவரிடம் திருப்பி அனுப்ப வேண்டிய வேலை.

கடைசியாகத்தான் தேய்ந்த மொட்டு, வளைந்த லீவர். லீவரைக் கைப்பிடியாக நினைத்துத் துப்பாக்கியைத் தூக்குவதாலும், கீழே விழுவதாலும் அது வளையும்.

கழற்றும் வரிசை என்ன?

தேவையானவை: துப்பாக்கி ஸ்க்ரூவுக்கென்றே செய்த, முனை இருபக்கமும் இணையாகக் குழிவாக அரைத்த ஸ்க்ரூடிரைவர் பிட்டுகள்; 2 முதல் 4 மி.மீ. வரை பின் தட்டும் பஞ்சுகள், பித்தளை அல்லது நைலான் தலைச் சுத்தி, வெள்ளைத் துணி விரித்த தட்டு, செல்போன் கேமரா. வீட்டு ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்பு வடிவம். அது ஸ்க்ரூவின் பள்ளத்தை மேல்விளிம்பில் மட்டும் பிடிக்கும், வழுக்கும், பாடியில் கீறும். இந்த ஒரு கருவியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

1. ஹேமரை முழுக்க இறக்குங்கள். அதை இயக்கும் பெரிய பட்டை ஸ்பிரிங்கின் இழுவிசையைக் கூட்டும் ஸ்க்ரூவைக் கீழ் டாங்கில் தளர்த்துங்கள். எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். இதைத் தவறவிட்டால் ஹேமர் விசை முன்புபோல் இருக்காது. தோட்டாவின் அடிக்குமிழ் (ப்ரைமர்) வெடிக்காமல் போகலாம்.

2. மேல் டாங்கின் ஸ்க்ரூவைக் கழற்றிக் கட்டையை நேராகப் பின்னால் இழுங்கள். ஆட்டி நெம்பாதீர்கள், டாங் நுழையும் இடத்தில் மரம் பிளக்கும். இறுகியிருந்தால் உள்ளங்கையால் மேலிருந்து தட்டுங்கள்.

3. ஹேமர் ஸ்பிரிங்கின் ஸ்க்ரூவை எடுத்து ஸ்பிரிங்கை விடுவியுங்கள். அது ஹேமரோடு இணையும் விதத்தைப் படம் எடுங்கள்.

4. பாடியின் பக்கத்தில் உள்ள ஹேமர் ஸ்க்ரூவைக் கழற்றி ஹேமரை எடுங்கள். அதன் அருகே டாங்கைப் பிடிக்கும் பக்க ஸ்க்ரூ இருக்கும், அதையும் எடுங்கள்.

5. லீவரைத் திறந்து வைத்துக் கீழ் டாங்கைப் பின்னோக்கி நழுவ விடுங்கள். நைலான் சுத்தியால் மெல்லத் தட்டினால் வரும். ட்ரிகர், சேஃப்டித் துண்டு, அவற்றின் ஸ்பிரிங்குகள் எல்லாம் டாங்கோடு சேர்ந்தே வரும். இந்த வேலைக்குப் பக்கத் தட்டுகளையும் லிங்குகளையும் கழற்றத் தேவையில்லை.

எதையும் பிரிக்கும் முன் இங்கே நிறுத்தி, நான்கு பக்கமும் படம் எடுங்கள். எந்த ஸ்பிரிங் மேலே, எது கீழே, எந்த ஸ்க்ரூ குட்டை, எது நீளம் என்பது பத்து நிமிடத்தில் மறந்துபோகும். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையின் இடத்தில் இறுக்கினால் முனை மறுபக்கம் துருத்தி அசையும் பாகத்தில் இடிக்கும். சேஃப்டி சிக்கிக்கொள்ள அதுவே போதும்.

ஸ்பிரிங் முறிந்திருக்கிறது. வளைத்தோ வேறு கம்பி வைத்தோ சமாளிக்கலாமா?

முறிந்ததை மாற்றத்தான் வேண்டும். லீவர் திறந்திருக்கும்போதே ட்ரிகர் இழுபடுவதற்கு முதல் காரணம் முறிந்த அல்லது தளர்ந்த இந்த ஸ்பிரிங்தான். உதிரி விலை அதிகமில்லை.

முறிந்த துண்டைத் தூக்கி எறியும் முன் வெட்டு முகத்தைப் பாருங்கள். குறுக்கே ஓடும் அரக் கீறல் ஒன்றிலிருந்து முறிவு தொடங்கியிருந்தால் யாரோ அதை முன்பே தேய்த்திருக்கிறார்கள். பட்டை ஸ்பிரிங் வளையும்போது இழுவிசை முழுவதும் மேற்பரப்பில்தான் விழுகிறது. குறுக்குக் கீறல் அங்கே விரிசலுக்கு வாசல் திறந்துவிடுகிறது. புதிய ஸ்பிரிங்கின் விளிம்புகளையும் முகத்தையும் 600 எண் எமரித் தாளில் நீளவாக்கில் மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். கனம் குறைய வேண்டாம். கீறல் மறைந்தால் போதும். திருகுத்துளையைச் சுற்றியும் பார்வை போகட்டும். விரிசல் அங்கிருந்தும் கிளம்பும்.

முறியாமல் தளர்ந்திருந்தால், இடுக்கியின் வாயில் பித்தளைத் தகடு வைத்து, ஒரே இடத்தில் மடிக்காமல் நீளம் முழுக்க மெல்லிய வளைவு வருமாறு கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கலாம். அது தற்காலிகம். நெருப்பில் காட்டி வளைக்கவே கூடாது. பதம் போய்விடும், பிறகு அது ஸ்பிரிங் அல்ல, தகரம்.

எவ்வளவு விசை வேண்டும்? துப்பாக்கியை எந்தப் பக்கம் சாய்த்தாலும், தலைகீழாகப் பிடித்தாலும், லீவர் திறந்தவுடன் மொட்டு தயங்காமல் முழுக்க வெளியே வர வேண்டும். அதற்குமேல் விசை தேவையில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது சில துப்பாக்கிகளில் விசை கூடுதலாக இருப்பது உண்மை. மிதமாகக் குறைப்பதில் தவறில்லை. ஆனால் அழுக்குப் படிந்த நிலையிலும் மொட்டு வெளியே வருகிறதா என்பதுதான் அளவுகோல். சுத்தம் செய்த மேசையில் வேலை செய்யும் ஸ்பிரிங், நூறு குண்டு சுட்டபின் தோற்றால் அது போதாத ஸ்பிரிங்.

புதிய சேஃப்டித் துண்டு வாங்கினேன். போட்டால் ட்ரிகர் அசையவே இல்லை. உதிரி தவறா?

தவறாக இருக்க வேண்டியதில்லை. இந்தத் துண்டு கொஞ்சம் கூடுதல் உலோகத்தோடு வரலாம். துப்பாக்கிக்குத் துப்பாக்கி கைப்பட இழைத்துப் பொருத்த வேண்டியது. ஆகவே பொறுமை.

டாங்கைத் தனியாக வைஸில் மெல்லிய மரத்துண்டுகளுக்கு நடுவே பிடியுங்கள். ட்ரிகரும் புதிய துண்டும் மட்டும் பின்னில் இருக்கட்டும், ஸ்பிரிங் வேண்டாம். இரண்டும் ஒட்டாமல் ஆடுகின்றனவா என்று பாருங்கள். துண்டு தன் பின்னில் இறுக்கமாக இருந்தால் துளையின் ஓரப் பிசிறையும் பக்கவாட்டு முகத்தையும் தட்டையான எண்ணெய்க் கல்லில் இரண்டு மூன்று இழுப்பு.

பிறகு மூக்கின் மேல் கறுப்பு மார்க்கர் பூசி, மொட்டை முழுக்க அழுத்திக்கொண்டு ட்ரிகரை இழுங்கள். எங்கே மை அழிகிறதோ அங்கேதான் முட்டுகிறது. சிறு சுவிஸ் அரத்தால் அந்த இடத்தில் மட்டும் இரண்டே இழுப்பு, மீண்டும் மை, மீண்டும் சோதனை. ட்ரிகர் தடையின்றி நகரும் கணத்தில் நிறுத்துங்கள். இன்னும் நான்கு இழுப்பு இழுத்தால் வேலை சுளுவாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் மூக்கு குட்டையாகி, லீவர் பாதி திறந்திருக்கும்போதே ட்ரிகரை விடும் துண்டு கையில் இருக்கும். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது.

மூக்கின் தடுக்கும் முகம் ட்ரிகரோடு தட்டையாக, முழு அகலத்தில் சந்திக்க வேண்டும். அந்த முகத்தைச் சாய்த்துவிட்டால் ட்ரிகரைப் பலமாக இழுக்கும்போது மூக்கு வழுக்கி விலகும். மெதுவாக இழுத்தால் நிற்கும், வேகமாக இழுத்தால் விடும் துப்பாக்கிகளின் நோய் இதுதான்.

மொட்டின் உயரத்தை மூக்கு முடிந்த பிறகே தொடுங்கள். லீவர் டாங்கில் படியும்போது மொட்டு முழுக்க அழுந்தியிருக்க வேண்டும். லீவர் படியும் முன்பே மொட்டு தன் எல்லையில் முட்டினால் நுனியில் சற்றே எடுக்கலாம், வட்ட முனையாகவே இருக்கட்டும்.

தேய்ந்த மொட்டின் மேல் வெல்டிங் வைத்து உயர்த்தலாமா?

உதிரியே கிடைக்காத பழைய துப்பாக்கிக்கு மட்டும், சிறிய உறுப்புகளில் வெல்டிங் செய்து பழகிய துப்பாக்கிப் பட்டறையில். சூட்டில் மூக்கின் பதம் போகும், பிறகு பதமேற்ற வேண்டும். உதிரி வாங்குவது எளிது, மலிவும்கூட.

லீவரின் உட்பக்கத்தைத் தட்டிப் புடைக்கவைத்து மொட்டை எட்டச் செய்வார்கள் சிலர். அந்தப் புடைப்பு சில மாதத்தில் தேயும். பழுது திரும்ப வரும், லீவரில் அசிங்கமான தழும்பு மிஞ்சும்.

ட்ரிகரின் நுனியையும் இதே கையோடு தேய்த்து லேசாக்கலாமா?

வேண்டாம். ட்ரிகரின் மேல்நுனிதான் ஹேமரின் அரைக் காக் (ஹேமர் பாதி பின்னால் நிற்கும் நிலை), முழுக் காக் பள்ளங்களில் உட்கார்ந்து அதைப் பிடிக்கிறது. அதை மெலிதாக்கினால் அரைக் காக் பள்ளத்தில் நுனி உடையும். சேஃப்டி வேலையையும் ட்ரிகர் விசை வேலையையும் ஒரே நாளில் செய்தால், பிறகு வரும் கோளாறு எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

திரும்பப் பூட்டியபின் என்னென்ன சோதிக்க வேண்டும்?

எல்லாம் போலித் தோட்டாவோடு. ஒவ்வொன்றையும் இருபது முறை. பத்தொன்பது முறை சரியாக வந்து ஒரு முறை தவறினால் தவறு என்றே கணக்கு.

முழுக் காக், லீவர் அகலத் திறந்து: ட்ரிகர் நிற்க வேண்டும். பிறகு லீவரை மூடிக்கொண்டே வந்து, முக்கால் மூடியதில், விரல் அகலத்தில், கடைசியில் ஒரு நூல் இடைவெளியில் என நிறுத்தி நிறுத்தி இழுத்துப் பாருங்கள். கடைசிப் பகுதிதான் முக்கியம். ஒரு பக்கத் தட்டைக் கழற்றி, துப்பாக்கியைப் படுக்க வைத்து, பின்கள் நழுவாமல் பார்த்துக்கொண்டு லீவரை மூடிய நிலையிலிருந்து மெல்லத் திறந்தால், லிங்குகள் நேர்கோட்டை விட்டு மடங்கத் தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். அந்த இடைவெளிக்குச் சமமான கனத்தில் அட்டைகளை அடுக்கி, தட்டை மாட்டியபின் லீவருக்கும் டாங்குக்கும் நடுவே வைத்து மூடுங்கள். அந்த நிலையில் ட்ரிகர் பூட்டியிருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் மூக்கோ மொட்டோ பொருந்தவில்லை; மேசைக்குத் திரும்புங்கள்.

லீவர் மூடியதும், கூடுதலாக இறுக்காமல், சாதாரணப் பிடியில் ட்ரிகர் விட வேண்டும். துப்பாக்கியை நிமிர்த்தியும், குழல் கீழே பார்க்கவும், பக்கவாட்டில் சாய்த்தும் சோதியுங்கள்.

அரைக் காக்கில் ட்ரிகரை அழுத்தமாக இழுத்தால் ஹேமர் விழக் கூடாது. முழுக் காக்கில், லீவர் மூடி, ட்ரிகரைத் தொடாமல், ஹேமரைப் பின்னாலிருந்து கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ளினாலும் விழக் கூடாது. இவை சேஃப்டியின் சோதனைகள் அல்ல. ஆனால் டாங்கைக் கழற்றிப் பூட்டியபோது வேறு எதுவும் கெடவில்லை என்பதற்குச் சான்று.

சுடும் இடத்தில் முதலில் ஒரே ஒரு தோட்டா, பிறகு இரண்டு, அதன்பிறகே முழு மேகசின். கண்ணாடி போடாமல் வேண்டாம்.

போட்டிக்கு வேகம் வேண்டும். சேஃப்டியை எடுத்துவிடச் சொல்கிறார்களே?

எடுத்துவிட்டால் வேகம் அதிகரிக்காது. தடை தெரியாமல் போகும், அவ்வளவுதான். கையின் தாளம் பிசகி விரல் முந்தும்போது ட்ரிகர் நிற்கிறது என்றால், அந்தக் கணத்தில் அது ஓர் உடைந்த உறையையும் ஒரு கண்ணையும் காப்பாற்றியிருக்கிறது. எடுப்பதற்கான வழிமுறையை இங்கே தரப்போவதில்லை. வாங்கிய பழைய துப்பாக்கியில் யாரோ எடுத்திருந்தால் திரும்பப் பொருத்துங்கள். டாங்கின் அடியில் மொட்டு தெரியவில்லை, வெறும் துளை மட்டும் இருக்கிறது என்றால் எடுத்துவிட்டார்கள் என்று பொருள். பழைய 1873 ஒன்றை விலைபேசும்போது முதலில் லீவரைத் திறந்து அந்த இடத்தைப் பாருங்கள்.

மொட்டு இருந்தும் வேலை செய்யாத துப்பாக்கிகளும் உண்டு: ஸ்பிரிங்கை மட்டும் எடுத்திருப்பார்கள், அல்லது மூக்கை அறுத்திருப்பார்கள். விரலால் அழுத்திவிட்டால் மொட்டு திரும்ப வருகிறதா என்று பார்த்தால் முதலாவது தெரிந்துவிடும். இரண்டாவதுக்கு, லீவர் திறந்து ட்ரிகரை இழுக்கும் சோதனைதான்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்?

எந்தத் தோட்டா என்பதைப் பொறுத்தது. .44-40 உறையின் கழுத்துச் சுவர் மெல்லியது. வெடிக்கும்போது விரிந்து அறைச்சுவரில் ஒட்டி வாயுவை அடைக்கும். உள்ளே புகை குறைவாகத்தான் வரும். .45 கோல்ட், .357 உறைகள் தடித்தவை, அதிலும் லேசான மருந்து போட்டால் சரியாக விரியாது. கரி பின்னோக்கி வந்து பாடிக்குள் இறங்கும். டாங்கின் உள்ளே எண்ணெயும் கரியும் சேர்ந்து களிம்பாகிச் சேஃப்டித் துண்டு ஒட்டிக்கொள்ளும்.

கறுப்பு மருந்து சுட்டால் அன்றே சுத்தம். அதன் எச்சத்தில் இருக்கும் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுக்கும்; மெல்லிய பட்டை ஸ்பிரிங்கில் துருக்குழி விழுந்தால் அதுவும் முறிவின் தொடக்கம். எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சூடான சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே சூட்டில் உலர்த்தி, சேஃப்டியின் பின்னில் ஒரு சொட்டு எண்ணெய். கிரீஸ் வேண்டாம், குளிரில் இறுகி மொட்டைப் பிடித்துக்கொள்ளும்.

எந்த உதிரி கேட்டு வாங்குவது?

ஊபெர்ட்டி 1959இல் தொடங்கிய நிறுவனம்; இடையில் உட்பாகங்களில் மாற்றங்கள் நடந்திருக்கின்றன. ஆகவே மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது. இத்தாலியச் சோதனைச்சாலை முத்திரைகளுக்கு அருகே சின்னக் கட்டத்துக்குள் இரண்டு எழுத்து இருக்கும். அது சோதித்த ஆண்டின் குறி. 1975க்கு ஏஏ என்று தொடங்கி வரிசையாகப் போகிறது. அதையும், தோட்டா அளவையும், கழற்றிய பழைய துண்டின் படத்தை ஓர் அளவுகோலோடு சேர்த்து எடுத்ததையும் அனுப்புங்கள். துண்டு, அதன் ஸ்பிரிங், ஸ்பிரிங் ஸ்க்ரூ மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஜப்பானின் மிரோகு தொழிற்சாலை வின்செஸ்டர் பெயரில் செய்யும் 1873 வேறு துப்பாக்கி. வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பதை நம்பி இத்தாலிய உதிரியை அதில் பொருத்தப் பார்க்க வேண்டாம்.